அப்பத்தின் விலை

எகிப்து நாட்டு மக்கள் தம் பேச்சு மொழியில் அப்பத்தை 'ஐஷ்' என்பர். வாழ்வு என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். உணவையும் உயிரையும் ஒரே சொல்லால் சுட்டும் மக்களுக்கு அப்பத்தின் விலை வெறும் கணக்காக இருத்தல் இயலாது.

1977 சனவரியில் அதிபர் சதாத்தின் அரசு, பன்னாட்டு நிதி நிறுவனங்களின் ஆலோசனைப்படி உணவு மானியங்களைக் குறைத்தது. நகரங்கள் கொந்தளித்தன, பல உயிர்கள் மாய்ந்தன, இரண்டே நாள்களில் அரசு பணிந்தது. அதன்பின் ஆள்வோர் அப்பத்தின் விலையைத் தொடவே அஞ்சினர். 1980-களின் இறுதி முதல் 5 பியாஸ்தருக்கு விற்ற மானிய அப்பம், 2024 சூனில்தான் 20 பியாஸ்தர் ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் விலை ஏறவில்லை. எடைதான் குறைந்து வந்தது.

இவ்வாறு மலிவாக அளிப்பது அறமா, அன்றி மக்களின் மௌனத்துக்குத் தரப்படும் கூலியா என நாம் வினவ வேண்டியுள்ளது. 1960-களில் நாசரின் அரசு பட்டதாரிகளுக்கு அரசுப் பணியை உறுதி செய்தது. நோக்கம் நன்றே. ஆயினும் அப்பமும் பணியும் தந்த அரசைத் தட்டிக் கேட்கும் உரிமை குடிமக்களுக்குக் கிட்டவில்லை. மக்கள்தொகை பெருகவே, பணிக்குக் காத்திருக்கும் காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மௌனமோ அவ்வாறே தொடர்ந்தது. 2002-இல் அரபு அறிஞர்கள் எழுத, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட அறிக்கை, அரபு நாடுகளின் பெருங்குறைகளாகச் சுதந்திரம், அறிவு, பெண்களின் ஆற்றலுக்கு வாய்ப்பு ஆகிய மூன்றையே சுட்டியது.

அவ்வாறாயின் மானியத்தை நீக்கிவிடுவதே தீர்வு என்பார் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது, தன் கோதுமையின் பெரும்பகுதியை ரஷ்யா, உக்ரைன் நாடுகளிலிருந்தே வாங்கிவந்த எகிப்து திணறியது. அவ்வேளையில் ஏழைக் குடும்பங்களுக்கு அரணாக நின்றது அந்த மலிவு அப்பமே. தவறான ஆட்சிமுறையின் கடனை, அதில் குரலே இல்லாதிருந்த ஏழையின் தட்டிலிருந்து வசூலிப்பது நீதியாகுமோ?

ஈவது குற்றமன்று. பெறுபவரை என்றென்றும் பெறுபவராகவே நிறுத்தி வைப்பதே குற்றம். 2011-இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் கூடியோர் அப்பம், விடுதலை, சமூக நீதி என மூன்றையும் ஒரே முழக்கமாகக் கேட்டனர். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. அப்பத்தின் விலை கூடலாம், குறையலாம். அதனை முடிவு செய்யும் அவையில் அதை உண்பவருக்கும் இடம் வேண்டும். அவ்விடம் கிட்டும் நாளில்தான் அந்நாட்டின் வளர்ச்சியை வளர்ச்சி என நாம் அழைக்க இயலும்.