யாருக்காக இந்தக் குளியல்?

கினிப்பன்றி வளர்க்கும் வீடுகள் சிலவற்றில், வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகள் குளிக்கும்போதே அதையும் வாளியில் இறக்கிச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவதைக் காண்கிறோம். "தொழுகிற வீடு; அது மடியில் வந்து உட்காருகிறது. சுத்தமாக இருக்க வேண்டாமா?" என்று கேட்கின்றனர். சுத்தத்தை ஈமானோடு சேர்த்துப் பேசும் மார்க்கம் நம்முடையது. ஆகவே இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளுவதற்கில்லை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றி என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் சிலர் முகம் சுளிக்கின்றனர். இது பன்றியினம் அன்று. எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணி. ஆண்டீஸ் மலைநாட்டார் பல்லாயிரம் ஆண்டுகளாக உணவுக்கென வளர்த்து வந்த இது, 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பியர் கைக்கு வந்தது. ஷாஃபியீ மத்ஹபின்படி நாய், பன்றி, அவற்றின் கலப்பில் பிறந்தவை நீங்கலாக, உயிருள்ள எப்பிராணியின் உடலும் நஜீஸ் அன்று. இதன் சிறுநீரும் புழுக்கையும் நஜீஸ்தான். அவை உடையில் பட்டால் கழுவ வேண்டியது உடையை! தொழும் நேரத்தில் பிராணியைக் கூண்டில் விட்டுவிட்டால் பேச்சு முடிந்தது.

இனி அந்த வாயில்லா ஜீவனின் பக்கம் வருவோம். அது நாவாலும் பல்லாலும் தன் ரோமத்தைத் தானே கோதிச் சீர்செய்துகொள்ளும். அடிக்கடி சோப்புப் போட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய் வறண்டுவிடும்; ஈரம் காயாவிட்டால் குளிரில் நோய்ப்படும். நீண்ட ரோமமுள்ள பெருவியன் வகைக்கு நாள்தோறும் சீப்பு வேண்டும். பின்புற ரோமத்தைக் கத்தரித்தும் விட வேண்டும். ஆண் பிராணிக்குப் பின்புறம் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுண்டு. அது பிசுபிசுத்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரால் துடைத்தால் போதும். நகத்தினுள் இரத்தக் குழாய் ஓடுவதால் நுனியை மட்டுமே வெட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால் கழுவிவிட்டுச் சும்மா இராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே முறை.

"தண்ணீரில் விட்டால் அசையாமல் இருக்கிறதே, அதற்குப் பிடித்திருக்கிறது" என்கின்றனர். இங்கேதான் நமக்கு உறுத்துகிறது. பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி அது. அச்சம் மிகும்போது ஓடாமல் உறைந்துபோவது அதன் இயல்பு. மறுத்துச் சொல்ல நாவுள்ளவர் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று கொள்ளலாம். இதன் அசைவின்மையை மகிழ்ச்சி என்று எழுதிக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

நாற்றம் வருகிறதென்றால், பெரும்பாலும் அது உடலிலிருந்து வருவதன்று. மாற்றாமல் கிடக்கும் ஈரமான விரிப்பிலிருந்து வருவது. நம் சோம்பலை அதன் உடம்பில் ஏற்றிக் கழுவிவிட்டு, மறுபடி அதே ஈரத்தில் கொண்டுபோய் விடுகிறோம்! பூனையை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அவள் பூனையை வெறுத்தாள் என்று அதில் இல்லை. தானும் உணவு கொடுக்கவில்லை, அதுவே தேடித் தின்னவும் விடவில்லை; அதுதான் குற்றம். அடைத்து வைக்கப்பட்ட உயிருக்குத் தேவையான அத்தனையும் அடைத்தவர் பொறுப்பாகிவிடுகிறது. காட்டில் என்றால் நனைந்த இடத்தை விட்டு வேறிடம் போகும். கூண்டில் எங்கே போகும்?

ஆகவே ஈரமான விரிப்பை நாள்தோறும் அள்ளுங்கள். வாரம் ஒருமுறை கூண்டைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, உலர்ந்த புல்லைப் பரப்புங்கள். வாளிக் குளியலைப் போல இது பிள்ளைகளுக்கு விளையாட்டாக இராது, முணுமுணுப்பார்கள். முணுமுணுத்தாலும் செய்யப் பழக்குங்கள்.