ஆற்ற முடியாத தேநீர்

தே தாரிக்கை விண்வெளியில் ஆற்ற முடியாது. ஒரு மங்கிலிருந்து இன்னொரு மங்குக்குத் தேநீர் விழ வேண்டும். விழுவதற்குக் கீழே என்று ஓர் இடம் வேண்டும். சுற்றுப்பாதையில் மிதக்கும் விண்கலத்தில் மங்கைச் சாய்த்தால் ஒன்றும் கொட்டாது. உதறினால் தேநீர் உருண்டையாகத் திரண்டு மிதந்து போகும். ‘தாரிக்’ என்றால் இழுப்பது. இழுக்கவே வழியில்லாத இடத்தில் அதைத் தே தாரிக் என்று சொல்லலாமா?

இது வேடிக்கைக்காக நான் கிளப்பும் கேள்வி இல்லை. மலேசியா தன் முதல் விண்வெளி வீரரை அனுப்பத் தயாரான காலத்தில், அவர் மேலே போய்த் தே தாரிக் கலக்குவார், பம்பரம் விடுவார், அஞ்சாங்கல் ஆடுவார் என்றெல்லாம் பேசப்பட்டது. நாடே கேலி செய்தது. அப்போது ஈப்போவில் நாங்கள் பள்ளிப் பிள்ளைகள். “டேய், ராக்கெட்ல போயி தேத்தண்ணி ஆத்தப் போறாங்களாம்டா” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பு அடங்கி வெகுநாள் ஆகிவிட்டது. கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2003இல் மலேசியா ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. அதையொட்டிக் கிடைத்ததுதான் இந்த விண்வெளிப் பயணம். 11,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கடைசி நால்வரில் எஸ். வனஜா என்ற தமிழ்ப் பெண்ணும் இருந்தார். முடிவில் தேர்வானவர் மருத்துவர் ஷேக் முஸாபார் ஷுக்கோர். 2007 அக்டோபர் 10 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பினார். அது நோன்பு மாதம். விண்வெளியில் எப்படித் தொழுவது, எப்படி நோன்பு இருப்பது என்று இங்குள்ள சமய அறிஞர்கள் தனியாக வழிகாட்டி நூலே தயாரித்திருந்தார்கள். கிளம்பிய ஊரின் நேரத்தைக் கணக்கில் கொள்ளலாம், முடியாவிட்டால் நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றது அது. பெருநாள் வந்தபோது அவர் சாத்தேயும் பலகாரமும் எடுத்து மற்ற வீரர்களுக்குக் கொடுத்தார்.

சாத்தே என்றால் நமக்குக் கரி நெருப்பு, ஓலை விசிறி, கண்ணைக் கரிக்கும் புகை. அங்கே நெருப்பு மூட்ட முடியாது. சாப்பாட்டைக் கெடாமல் வைக்கக் குளிர்பெட்டியை நம்ப முடியாது. எனவே அதிக வெப்பத்தில் கிருமி நீக்கிப் பையில் அடைப்பார்கள், அல்லது உறையவைத்து நீரை உறிஞ்சிவிட்டு, சாப்பிடும்போது வெந்நீர் ஊற்றிக்கொள்வார்கள். தூள் உதிரும் எதுவும் ஆபத்து. மிதக்கும் துணுக்கு கண்ணிலும் போகலாம், இயந்திரத்திலும் போகலாம். உடலின் நீர் தலைக்கு ஏறிக்கொள்வதால் மூக்கு அடைத்து ருசியும் மங்கிப்போகிறது. காரம் வேண்டும் என்று பல வீரர்கள் கேட்பார்களாம்.

அடுத்த ஆண்டு தென்கொரியாவின் யி சோ-யோன் கிம்ச்சி கொண்டுபோனார். கிம்ச்சி என்பதே உயிருள்ள நுண்ணுயிரிகள் புளிக்கவைக்கும் உணவு. பைக்குள் அவை பெருகினால் பை வெடிக்கலாம் என்று கதிர்வீச்சால் அவற்றைக் கொன்றுவிட்டுத்தான் அனுப்பினார்கள். புளிக்க வைப்பதைக் கொன்ற பிறகு அது கிம்ச்சியா?

என் நண்பன் ஒருவனிடம் இதைக் கேட்டேன். சாப்பாட்டு விஷயத்தில் அவன் கறார். “பேருக்குத்தான் மச்சான். அது கிம்ச்சியோட போட்டோ” என்றான். நல்ல பதில்தான். ஆனால் அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தால் முதலில் வெளியேற வேண்டியவர்கள் நாங்கள்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது, லயம் இல்லை. பாட்டி வைக்கும் சம்பலில் பெலாச்சான் இல்லாமல் இருக்காது. அதைத் தொட்டுக்கொண்டுதான் எங்கள் வீட்டில் தோசை. தீபாவளிக்கு ரெண்டாங். ஊரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் தோட்டத்தில் கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளையும் ஆனது. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல், பழகிய சாப்பாட்டைப் புது இடத்துக்கு ஏற்றபடி மாற்றியவர்கள் இவர்கள். ஊர்க்காரர் யாராவது வந்து “இது எங்கள் தோசை இல்லை” என்று சொன்னால் பாட்டி கரண்டியோடு வந்திருப்பார்.

அதனால் மாறிப்போனது என்பதற்காக மட்டும் ஓர் உணவைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படியானால் எதை வைத்துப் பொய் என்று சொல்வது?

பாட்டி சொன்ன இன்னொரு விஷயத்தைத் தொட்டுத்தான் இதை யோசிக்க முடிகிறது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்பது ஆங்கிலேயர்களின் போர்முறை. தோட்டத் தொழிலாளர்களை வேலிக்குள் ஒன்றாகக் குடியேற்றினார்கள். அரிசிக்கு அளவு வைத்தார்கள். கடையில் டின் உணவு வாங்கினால் கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சேர்த்து வைக்க முடியாது. சில இடங்களில் அரிசியே கிடையாது, பொதுச் சமையல் கூடத்தில் வடித்த சோறுதான். சோறு சீக்கிரம் ஊசிவிடும், கடத்த முடியாது என்பது கணக்கு.

காலையில் மரம் சீவப் போகிறவர்களை கேட்டில் சோதனை போடுவார்களாம். சாப்பாட்டுத் தூக்கு வேலியைத் தாண்டக்கூடாது. “எங்கம்மா வெறும் வயித்தோட போயி வெறும் வயித்தோட வருவா. வந்துதான் பசியாறுவா” என்பார் பாட்டி. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

விண்வெளி உணவையும் இந்த ஓட்டை போட்ட டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் அரசாங்கம் ஒரு மனிதனின் சாப்பாடு கெடாமல் இருக்க அத்தனை அறிவியலையும் செலவழிக்கிறது. இன்னொன்றில் ஆயிரக்கணக்கானவர்களின் சாப்பாடு கெட்டே ஆக வேண்டும் என்று சட்டம் போடுகிறது. இரண்டும் ஒரே அரசாங்கம் இல்லை, ஒரே காலமும் இல்லை. ஆனாலும் ஒன்று பொது: யார் எதைச் சாப்பிடலாம், யாரோடு சாப்பிடலாம் என்பதைச் சமைக்கிறவர் தீர்மானிக்கவில்லை. அந்தச் சட்டம் பயந்தது ருசிக்கா? பகிர்வதற்குத்தான் பயந்தது. ஒரு தூக்குச் சோறு வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவனுக்குப் போய்விடும் என்பதுதான் அதன் கவலை.

அப்படிப் பார்த்தால் 2007இல் அந்த விண்கலத்தில் நடந்த உண்மையான விஷயம் சாத்தேயின் ருசி இல்லை. ஒருவர் தன் பெருநாள் சாப்பாட்டை ரஷ்யருக்கும் அமெரிக்கருக்கும் நீட்டியது. 2025இல் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோய்க் கூட இருந்தவர்களுக்குக் கொடுத்தார். 1985இல் மெக்சிகோவின் ரொடோல்ஃபோ நேரி வேலா தன் ஊர் டார்ட்டியாவைக் கொண்டுபோனார். தூள் உதிரவில்லை என்று கண்டுகொண்ட நாசா, ரொட்டிக்குப் பதிலாக அதையே எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு நாட்டின் உணவு அங்கே எல்லோருடைய உணவாகவும் ஆகிவிட்டது. கொடுக்கும்போது ஓர் உணவு எதையும் இழப்பதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதை இழக்கிறது என்றால், செய்தவரை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலைச் சாப்பாட்டுப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக். சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை. ஆனால் இதில் இரண்டு, மாவு பிசைந்து வீசியும் மங்கு மாற்றி ஆற்றியும் பிழைத்த இந்திய முஸ்லிம் கடைக்காரர்களின் கையிலிருந்து வந்தவை. ‘தேசிய உணவு’ என்ற முத்திரை விழும்போது அந்தக் கை அழிந்துபோகிறதா, இல்லையா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய ஒழுக்கக் கேள்வி. விண்வெளிப் பையின் மீது நாட்டின் கொடியை ஒட்ட இடமிருக்கிறது. வனஜா போயிருந்தால் எந்தச் சாப்பாடு போயிருக்கும் என்று யோசிப்பதுண்டு. தோசை போயிருந்தாலும் பாட்டியின் சம்பல் ‘மலேசிய உணவு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போயிருக்கும். அப்போதும் நான் பெருமைப்பட்டிருப்பேன். அந்தப் பெருமையை நான் முழுக்க நம்பவில்லை.

நம் மொழியில் தேநீரையும் ஆற்றுகிறோம், பசியையும் ஆற்றுகிறோம். “சாப்பிட்டியா?” என்பதற்கு முன்னால் இங்கே “பசியாறிட்டியா?” என்றுதான் கேட்போம். இரண்டு ஆற்றலுக்கும் எதிரே இன்னொரு ஆள் வேண்டும்.

ஈப்போவில் நான் வழக்கமாகப் போகும் கடையில் தே கலக்குபவர் ராமநாதபுரத்துக்காரர். வந்து ஆறு வருஷம். போன வாரம் கூட்டமில்லாத நேரத்தில் அவரிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். மேலே எல்லாம் மிதக்கும், ஆற்ற முடியாது, பையில் தூள் இருக்கும், வெந்நீரைக் குழாயில் ஏற்றிக் குலுக்கிக் குடிப்பார்கள் என்று. மங்கை மாற்றிக்கொண்டே கேட்டார். பிறகு நிறுத்திவிட்டு, “அப்ப அவருக்கு யாரு கலக்கிக் குடுப்பா?” என்றார்.

யாரும் இல்லை, அவரேதான் என்றேன்.

“பாவம்” என்று சொல்லிவிட்டு, என் தேநீரை இன்னொரு முறை ஆற்றி வைத்தார்.