நாற்காலி யாருடையது?

உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் சேரிக்குள் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "நம்ம ஆளு ஒருத்தன் உள்ள போனாத்தான் குழாயில தண்ணி வரும்" என்பது ஒன்று. "எவன் போனா என்ன? போனவன் எல்லாம் கட்சிக்காரனாத்தானே திரும்பி வர்றான்" என்பது இன்னொன்று. இரண்டுமே பட்டு அறிந்தவர்களின் குரல்கள். எதையும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆகவே கேள்வியை வேறு மாதிரி கேட்டுப் பார்ப்போம். நகரசபையில் போய் உட்காருகிற நம்மவர் யாருக்குக் கடன்பட்டவர்? ஓட்டுப் போட்ட வார்டுக்கா, சீட்டுக் கொடுத்த கட்சிக்கா, அந்த நாற்காலியையே உண்டாக்கித் தந்த போராட்டத்துக்கா?

இந்தக் கேள்விக்கு மகத் ஊரிலிருந்து தொடங்குவதுதான் சரி. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதவர்கள் பயன்படுத்தலாம் என்று போலே கொண்டுவந்த தீர்மானத்தை 1923இல் பம்பாய் சட்டசபை ஏற்றது. அதையொட்டி 1924இல் மகத் நகரசபை சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் நோட்டில் கிடந்தது. மூன்று வருடமாகியும் குளத்தில் நம் கை படவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான பேர் நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அடி விழுந்தது. 'தீட்டுப்பட்ட' குளத்துக்குச் சடங்கு நடந்தது. அதே வருடம் ஆகஸ்டில் நகரசபை கூடித் தன் பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. வழக்கு இழுத்து இழுத்து 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. தீர்மானத்தால் மட்டும் தண்ணீர் வராது. கால்கள் நடந்தால்தான் வரும். ஆனால் தெருவில் அடிபட்டு வாங்கியதை, சபைக்குள் நாலு பேர் கை தூக்கிப் பறித்துவிடவும் முடியும். 'தேர்தல் எல்லாம் சாக்கடை' என்று ஒதுங்குகிற தோழர்கள் இரண்டாவது பாடத்தை மறந்துவிடுகிறார்கள். 'அதிகாரம் கையில வந்தாப் போதும்' என்பவர்கள் முதலாவதை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கை நம்முடையதாக இருக்க வேண்டும் என்றுதான் தனித்தொகுதி. ஆனால் யார் தேர்ந்தெடுத்த கை? 1932இல் வகுப்புவாரித் தீர்ப்பு மாகாண சட்டசபைகளில் நமக்கு 71 இடம் தந்தது. நமக்கு நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இடங்கள். காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு வந்த பூனா ஒப்பந்தம் 148 இடம் தந்தது. எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போடும் இடங்கள். எண்ணிக்கை கூடியது, பிடி கை மாறியது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரசபைகளிலும் நமக்கு இடஒதுக்கீடு கொண்டுவந்தது. அங்கும் இதே கூட்டுத்தொகுதி முறைதான்.

அதனால்தான் தனி வார்டில் நிற்கிற நம்மவர் மாடிவீட்டு வாசலில் கைகூப்பி, "நான் எல்லாருக்கும் பொதுவானவங்க" என்கிறார். பொது வார்டில் நிற்கிற சாதி இந்துவிடம் இந்தச் சத்தியத்தை யாராவது கேட்கிறார்களா? அவர் பிறக்கும்போதே 'பொது'. நம்மவர்தான் தன் தெருவை மறைத்துவிட்டு 'பொது' ஆக வேண்டியிருக்கிறது. பாதாளச் சாக்கடையில் இறங்கிச் செத்தவனைப் பற்றிப் பேசினால் 'சாதி பாக்குறான்'. பேசாவிட்டால் 'நல்ல மனுஷன்'.

கிராமத்தில் இந்தப் பறிப்பு பச்சையாக நடந்தது. மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்த முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து வருடம், 2006 வரைக்கும், தலைவர் நாற்காலியில் தலித்தை உட்காரவே விடவில்லை. பட்டணத்தில் பெரும்பாலும் அரிவாள் தேவைப்படுவதில்லை. வட்டச் செயலாளரும் கான்ட்ராக்டரும் போதும். கவுன்சிலர் பெண்ணாக இருந்தால் வீட்டு ஆம்பளையும் சேர்ந்துகொள்கிறான்.

மேயர் நாற்காலியே கிடைத்துவிட்டால்? சென்னைக்கு அது புதிதல்ல. 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை, 1945இல் என். சிவராஜ். 2022இல் பிரியா, முதல் தலித் பெண் மேயர். அந்த நாள் நமக்குச் சந்தோஷமான நாள்தான், மறுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அதே ரிப்பன் மாளிகை வாசலில், குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் நம் சனங்கள், அதிலும் பெண்கள். 13ஆம் தேதி ராத்திரி போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. உள்ளேயும் நம்மவர், வெளியேயும் நம்மவர். பழியை அந்த ஒரு பெண்மீது போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். தனியார்மயம் ஒரு நாற்காலியில் பிறப்பதில்லை. அரசாங்கம், கட்சி, அரசு நியமிக்கும் ஆணையர், மன்றத்தில் தூக்குகிற கைகள் என்று பல படி இருக்கிறது. ஆனால் அந்தக் கைகளில் நம் கைகளும் இருக்கின்றனவே, அதற்கு யார் பதில் சொல்வது?

அதற்காக நிற்காமல் இருக்க முடியாது. நிற்கத்தான் வேண்டும். ஆனால் தனியாளாக நின்றால் விலை போவோம், இல்லை வெட்டுப்படுவோம். சேரி கூடி, பேசி, அனுப்பிவைக்கிற ஆளாக நிற்க வேண்டும். ஒவ்வொரு மன்றக் கூட்டம் முடிந்ததும் தெருவுக்கு வந்து எதற்குக் கை தூக்கினேன், எதற்குத் தூக்கவில்லை என்று சொல்ல வேண்டும். நமக்கும் வேலை இருக்கிறது. அவர் கட்சியை மீறிக் கை தூக்காமல் உட்காருகிற அன்றைக்கு ரிப்பன் மாளிகை வாசலில் நாம் நிற்க வேண்டும். நாம் நிற்காவிட்டால் அவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது அநியாயம். தோற்றால் என்ன? 1952 பொதுத்தேர்தலில் அம்பேத்கரே தோற்றார்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் "ஜெயிச்சா என்ன செய்வே?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் எல்லோரிடமும் மனப்பாடம். "கட்சி கை தூக்கச் சொன்னா என்ன செய்வே?" என்று கேளுங்கள்.