மூன்று மீட்டர்

2011 மார்ச் 11, பிற்பகல் 2:46. ஜப்பானின் வடகிழக்கே கடலுக்கடியில் தரை பிளந்தது. மூன்றே நிமிடத்தில் அந்நாட்டு வானிலை முகமை சுனாமி எச்சரிக்கை கொடுத்துவிட்டது. நிலநடுக்கத்தின் அளவு 7.9. மியாகி கரைக்கு 6 மீட்டர் அலை, இவாதேவுக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர். உண்மையான அளவு 9.0. ஆற்றல் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 45 மடங்கு.

இவாதே கரையில் தாரோ என்று ஓர் ஊர். அங்கே 10 மீட்டர் உயரத் தடுப்புச் சுவர் இருந்தது. மூன்று மீட்டர் அலை வருகிறது என்று கேட்டால், அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பவர் என்ன நினைப்பார்? 3:14க்கு எண்ணைக் கூட்டி அறிவித்தார்கள். அதற்குள் பல இடங்களில் கரண்ட் போயிருந்தது. அலை சுவரைத் தாண்டி வந்தது.

ஏன் 7.9? நூறு கிலோவரை மட்டுமே காட்டும் தராசில் யானையை ஏற்றினால் முள் நூறில்தான் நிற்கும். வேகமாக அதிரும் அலைகளின் வீச்சை வைத்துக் கணிக்கும் அளவுகோல்களின் கதையும் அதுதான். ஜப்பானில் பிறந்து கால்டெக்கில் வேலை பார்த்த ஹிரோ கனமோரி இதை 1977லேயே விளக்கிவிட்டார். எவ்வளவு பரப்பு, எவ்வளவு தூரம் நழுவியது என்பதிலிருந்து அளவைக் கணக்கிட வழியும் சொன்னார். 1960 சிலி நிலநடுக்கத்துக்கு 9.5 என்ற எண் அப்படி வந்ததுதான். ஆனால் அதற்கு மெதுவாக அசையும் நீண்ட அலைகள் வந்து சேரவேண்டும். காத்திருக்கணும். அதே மனிதர் பின்னாளில், முதல் மூன்று நொடி அதிர்வை மட்டும் வைத்து எச்சரிக்க முடியுமா என்ற ஆராய்ச்சியிலும் இறங்கினார். சரியாகச் சொல்ல நேரம் வேண்டும். உதவும்படி சொல்ல நேரமே கிடையாது. இரண்டோடும் மல்லுக்கட்டியவர் அவர்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மதிப்பு தெரியாத இடத்தில் பூஜ்யம் போடக்கூடாது, காலியாக விடவேண்டும். பூஜ்யம் என்பது ஒரு பதில். அதை நம்பி அடுத்த புரோகிராம் கணக்குப் போட்டுவிடும். 7.9 என்று கணித்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் 'மூன்று மீட்டர்' என்பது காலியாக விடவேண்டிய இடத்தில் போட்ட எண். வெறுமனே 'ஓடு' என்று சொல்லியிருந்தால்?

2013லிருந்து ஏறக்குறைய அப்படித்தான். நடுக்கம் மிகப் பெரிதோ என்ற சந்தேகம் வந்தால், முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கு கிடையாது. 'மிகப் பெரிய அலை' என்ற வார்த்தை மட்டும். அறிவியல் அமைப்பு ஒன்று எண்ணை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துக்கொள்வது முதலில் எனக்கு உறுத்தியது. இப்போது அதுதான் நேர்மை என்று படுகிறது.

ஆனால் 'மிகப் பெரிது' எத்தனை தடவை பலிக்கும்? பலிக்காத தடவைகளை யார் பொறுத்துக்கொள்வது?

2012 ஏப்ரல் 11, சுமத்ராவுக்கு அப்பால் 8.6. சென்னையில் எங்கள் ஆபீஸ் கட்டடம் ஆடியது, எல்லோரும் படியிறங்கி ஓடினோம். சுனாமி எச்சரிக்கையும் வந்தது. நிலம் பக்கவாட்டில் நழுவிய நடுக்கம் என்பதால் கடல் பெரிதாக எழும்பவில்லை. சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். 2004 முடிந்து எட்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றைக்கு டீக்கடையில் நின்றுகொண்டு, "இவனுங்களுக்கு வேற வேலை இல்லடா, சும்மா பயமுறுத்துறானுங்க" என்று சொன்னது நான்தான்.