தோற்கத் தெரிந்தவர்கள்

அமெரிக்காவில் ஜனநாயகம் நலிந்தால் நமக்கென்ன என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. பழனிசெட்டிபட்டியில், முல்லைப் பெரியாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு வாஷிங்டனைப் பற்றிக் கவலைப்படுவது வேலையற்றவன் வேலை என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நாட்டுச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பக்கத்து ஊர்களின் கதைதான் நினைவுக்கு வருகிறது.

முதலில் அங்கே நடந்ததைச் சொல்கிறேன். 2020 நவம்பரில் நடந்த தேர்தலில் ஜோ பைடனுக்கு 306 தேர்வாளர் வாக்குகள்; டொனால்ட் டிரம்புக்கு 232. தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தரப்பு தொடுத்த வழக்குகள் ஏறக்குறைய எல்லாமே நீதிமன்றங்களில் தோற்றன. 2021 ஜனவரி 6ஆம் தேதி, முடிவை உறுதிசெய்யக் கூடியிருந்த சபைக்குள் ஒரு பெருங்கூட்டம் கதவு சன்னல்களை உடைத்துக்கொண்டு புகுந்தது. கூட்டம் விரட்டப்பட்ட பிறகு சபை மறுபடி கூடி, மறுநாள் பொழுது விடிவதற்குள் எண்ணிக்கையை முடித்தது. டிரம்ப் 2024இல் மீண்டும் வென்றார். 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே, அந்தக் கலகத்தில் குற்றம் சாட்டப்பட்ட ஏறக்குறைய 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தேனியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி வட்டாரம். அங்கே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்று மூன்று ஊராட்சிகள். 1996இல் அவற்றின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதன்பின் பத்து ஆண்டுகள் அந்த நாற்காலிகளில் ஒருவரும் நிலைத்து உட்கார முடியவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள், மனுத்தாக்கல் செய்ய ஆள் வராது. சில தடவை ஊர்ப் பெரியவர்களே ஒருவரை நிறுத்துவார்கள். அவர் வெல்வார், பதவி ஏற்பார், ஏற்ற சூட்டோடு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார்.

இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. காகிதத்தில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அறிவிப்பு இருக்கிறது, வாக்குப்பெட்டி இருக்கிறது, வெற்றிச் சான்றிதழ் இருக்கிறது, ராஜினாமாக் கடிதமும் இருக்கிறது. ஜனநாயகத்தின் உடம்பில் ஓர் உறுப்பும் குறையவில்லை. உயிர் மட்டும் இல்லை. எங்கே கடிதத்தால் காரியம் ஆகவில்லையோ அங்கே அரிவாள் வந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30ஆம் தேதி, பயணம் செய்துகொண்டிருந்த பேருந்தை மறித்து, பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

தீவிரவாதி என்றால் கொடியும் கோஷமுமாகத் திரிகிறவன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் கருத்து வேறு. 'அவன் அந்த இடத்தில் உட்கார்ந்தால் நான் அழிந்தேன்' என்று எவன் நம்புகிறானோ அவனே தீவிரவாதி. அவன் படித்தவனாக இருக்கலாம், பக்திமானாக இருக்கலாம், தன் வீட்டில் பிள்ளைகளிடம் உருகுகிறவனாகவும் இருக்கலாம். அந்த நம்பிக்கைக்குக் கட்சியும் கிடையாது. 2024 ஜூலையில் பென்சில்வேனியாவில் டிரம்ப் மீதே குண்டு பாய்ந்தது. 2025 ஜூனில் மின்னசோட்டாவில் மறுகட்சியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹார்ட்மன் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் டிரம்பின் ஆதரவாளரான சார்லி கிர்க் மாணவர் கூட்டத்தின் நடுவே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்படியானால் ஜனநாயகத்தைத் தாங்கி நிற்பது எது? வென்றவனுடைய கரங்கள் என்று சொல்ல மாட்டேன். வெற்றியை ஏற்றுக்கொள்ள ஒருவனுக்கும் பண்பு வேண்டியதில்லை. தோற்றவன் தலையசைக்கிறானே, அந்த அசைவில்தான் நாடு நிற்கிறது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் புளோரிடாவின் 537 வாக்குகளால் அமெரிக்க ஜனாதிபதிப் பதவியை இழந்தவர் ஆல் கோர். அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த அவரே, சபைக்குத் தலைமை தாங்கித் தம் தோல்வியை எண்ணி அறிவித்தார். 2021இல் மைக் பென்ஸ், தம் தலைவரின் வற்புறுத்தலை மீறி, அதையே செய்தார். 2025இல் கமலா ஹாரிஸும் செய்தார். நம் நாட்டில், 1967இல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்ற காமராஜர் கலகம் செய்யவில்லை. 1969இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். தோற்றவனுக்கு மட்டும் உபதேசம் செய்கிறீர்களே, வென்றவன் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. 1975 ஜூனிலிருந்து 21 மாதம் இந்த நாட்டில் கதவு அப்படித்தான் தாழிடப்பட்டிருந்தது. எதிர்த்தவர்கள் சிறையில் இருந்தார்கள். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்தது. அன்று யாரேனும் 'தோல்வியை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருந்தால் அது அடிமைக்குச் சொன்ன உபதேசமாகத்தான் இருந்திருக்கும். நாளை மீண்டும் போட்டியிடலாம், வெல்லவும் வெல்லலாம் என்ற உறுதி இருந்தால்தான் இன்றைய தோல்வியை மனிதன் தாங்குவான். அந்த உறுதியைக் கொடுப்பது வென்றவன் கடமை. 1977இல் ரேபரேலியில் தோற்ற இந்திரா காந்தி பதவியை விட்டு இறங்கினார். 1980இல் அதே மக்கள் அவரைத் திரும்ப அழைத்தார்கள். கதவு திறந்திருந்ததால் அதைச் சாத்தியவருக்கும் அது உதவிற்று!

ஆனால் உசிலம்பட்டி வட்டாரத்துக் காரியத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். அங்கே பெரும்பான்மையினர் எதையும் இழக்கவில்லை. நிலம் அவர்களுடையதாகவே இருந்தது; தெருவும் அவர்களுடையதாகவே இருந்தது. நேற்றுவரை தங்கள் முன் நின்றுகொண்டிருந்தவன் நாற்காலியில் உட்காருவதைக் காணப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அநியாயமான உயர்வை விட்டுக் கொடுப்பதையும் தோல்வி என்று நினைப்பவனுக்கு என்ன சமாதானம் சொல்வது? அன்றைய மதுரை மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் மக்களோடு திரும்பத் திரும்பப் பேசினார். 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. யாருடைய மானமும் போய்விடவில்லை. பத்து ஆண்டு அஞ்சியது வெறும் நிழலுக்கு என்று அந்த ஊர்களே கண்டுகொண்டன.

சட்டத்தால் இத்தகைய மனத்தை உண்டாக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். 1787இல் எழுதிய அரசியல் சாசனம் அமெரிக்கர்களிடம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2021 ஜனவரி 2ஆம் தேதி டிரம்ப், ஜார்ஜியா மாநில அதிகாரி பிராட் ராஃபன்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைத் தேடித் தரும்படி கேட்டார். ராஃபன்ஸ்பெர்கர் அவருடைய கட்சிக்காரர்தான். ஆனாலும் மறுத்துவிட்டார். அந்த நேரத்தில் சாசனம் பேசவில்லை. ஒரு மனிதர் பேசினார்.

அப்படிப்பட்ட மனிதர்கள் பெரிய சபைகளில் திடீரென்று முளைப்பதில்லை. கூட்டுறவுச் சங்கத் தேர்தலிலும் கோயில் திருவிழாக் கமிட்டியிலும் பேரூராட்சி வார்டிலும்தான் அவர்கள் உருவாகிறார்கள். எங்கள் பழனிசெட்டிபட்டியும் ஒரு பேரூராட்சிதான். வார்டில் தோற்றவர், தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வென்றவர் வீட்டுப் படியேறிச் சொல்ல வேண்டும். வென்றவர், 'நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?' என்று கேட்காமல் ஆளை அனுப்ப வேண்டும். இந்த இரண்டும் நடக்கிற ஊர் எதுவோ, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நடக்காத ஊர் எவ்வளவு பெரிய நாட்டில் இருந்தாலும், அதைப் பற்றிக் கவலைப்பட எனக்கு உரிமை உண்டு.