கல்லும் கரையும்

உள்பொருள் எதுவும் இல்லாமற் போவதில்லை. அதன் நிலையே மாறுகிறது என்பது நம் அறநூல்களின் துணிபு. அங்ஙனமாயின், ஒன்றைச் சிதைப்பது எவ்வாறு குற்றமாகும்? இவ்வினாவிற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அடையாற்றின் தென்பால் நிற்கும் பரங்கிமலையே போதும்.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் கரும்பாறைக்குச் 'சார்னோகைட்' என்று பெயர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியலறிஞர் 1893இல் இப்பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது இப்பாறை. இதனையும் மழைநீர் கரைக்கிறது.

காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்ற மழைத்துளி, மிக மெல்லிய அமிலமாகிறது. பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் அதனோடு வினைபுரிந்து களிமண்ணாகிறது. இரும்புச் சத்துள்ள கனிமங்கள் துருவேறிச் செந்நிறம் பெறுகின்றன. குவார்ட்சு மட்டும் பெரும்பாலும் மாறாது மணலாக உதிர்கிறது. சுண்ணாம்புச் சத்து நீரில் கரைந்து, ஆற்றோடு கடலைச் சேர்கிறது. ஆங்கு வாழும் சிப்பிகள் அதனைக் கொண்டு தம் ஓட்டை ஆக்கிக்கொள்கின்றன. அத்தகைய கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே மயிலாப்பூரின் பழைய வீடுகளுக்குச் சாந்தாயிற்று. மலை தேய்ந்தது; ஆயினும் ஓர் அணுவும் குறையவில்லை.

இந்த அளவில் நின்றுவிட்டால், சிதைவில் இழப்பே இல்லை என்று தோன்றும். ஆனால், திருமலையிலும் வள்ளிமலையிலும் நம் முன்னோர் பாறையில் வெட்டுவித்த கல்வெட்டுகளை எண்ணிப் பாருங்கள். அவ்வெழுத்து தேய்ந்தபின், களிமண்ணில் கல்லின் அணுக்கள் இருக்கும். அறம் செய்தவரின் பெயர் இராது. உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் நிலைபேற்றை மட்டும் கூறவில்லை. தோற்றத்தையும் அழிவையும் உடன் கூறுகிறது. மூன்றும் மெய். உயிர் அழியாதது என்று அறிந்த நாமே கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோம். ஏனெனில், துன்புறுவது இப்பிறவியில் இவ்வுடலோடு கூடிய உயிர். பொருளின் நிலைபேறு, அதன் நிலையைக் கெடுப்பவனுக்குச் சாக்காகாது.

மழைக்குக் கருத்தில்லை, அதன்மேல் குற்றமும் இல்லை. நமக்கோ கருத்து உண்டு. பழைய திருமேனிகளைப் பளபளப்பாக்க வேண்டி அமிலம் ஊற்றித் தேய்ப்பதும், மணலை வேகமாகப் பீய்ச்சுவதும், மழை பல நூற்றாண்டுகளில் செய்வதை ஒரு பகலில் செய்துவிடும். தீய எண்ணம் இல்லாவிடினும், அசட்டையால் விளையும் கேட்டை நம் நூல்கள் 'பிரமாதம்' எனக் கடிந்துரைக்கின்றன.

மயிலாப்பூர் நேமிநாதர் கோயிலைக் கடல் கொண்டது என்பது வழிவழிச் செய்தி. அப்பெருமான் பெயரால் குணவீர பண்டிதர் இயற்றிய நேமிநாதம் என்னும் இலக்கணமோ, ஏடு சிதையுமுன் மறு ஏட்டில் படியெடுக்கப்பட்டமையால் இன்றும் நம் கையில் உளது. ஆகவே, விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் இளைஞர்கள் தம் ஊர்ச் சினாலயக் கல்வெட்டுகளைப் படம் எடுத்து, எழுத்தைப் படியெடுத்து வைப்பார்களாக. திருப்பணி செய்வோர் தூய நீரும் மென்மையான துணியும் போதுமென்று அமைவார்களாக.