காட்சியும் கடமையும்

இந்நாட்டிலே கோடையென்றும் குளிரென்றும் பருவங்கள் பிரிந்து வருவதில்லை. காலையிற் காய்ந்த வெயிலை மாலை மழை தணிக்கும், மறுநாளும் அவ்வண்ணமே. ஆயினும் நம் பிள்ளைகட்கு ஒரு கோடையுண்டு. அதுதான் பள்ளிக்கூட விடுமுறை. பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் அடைபட்டிருக்கும் குழந்தைகள் அப்பொழுது எங்கேனும் போகவேண்டுமென்று துடிக்கின்றனர். தாய் தந்தையர்க்கோ வேலை. ஆகவே பெரும்பாலும் பாட்டியே துணை. பினாங்குக் கொடிமலைக்கும், கேமரன் மலைக்கும், போர்ட் டிக்சன் கடற்கரைக்கும் பேரப்பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு செல்லும் மூதாட்டிகளை இரயில் நிலையங்களிலும் பஸ் நிலையங்களிலும் நாம் காண்கின்றோம். கண்டு மகிழ்கின்றோம். ஆயினும் இம்மகிழ்ச்சியினுள்ளே ஓர் அறவினா மறைந்து கிடக்கின்றது. அதனை நேயர்களோடு சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் நன்கறிந்த மூதாட்டி ஒருவர் உளர். வயது எழுபத்தைந்தைக் கடந்தது. இளமையிலே பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டமொன்றில் மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபின் மகனோடு பட்டணத்திற்கு வந்தார். சென்ற ஒரு மார்ச்சு விடுமுறையில் மகன், மூன்று பேரக்குழந்தைகள் ஆகியோருடன் அவர் கேமரன் மலைக்குப் புறப்பட்டபோது நாமும் அவ்வூர்தியில் உடனிருந்தோம். தாப்பாவை நெருங்குகையில் சடக்கோரத்திலே ஒரு சிறு இரப்பர்த் தோட்டம் தென்பட்டது. இலையுதிருங் காலம்; மரமெல்லாம் செம்பும் பொன்னுமாகச் சிவந்து நின்றன. தரையிலும் அந்நிறமே. இளைய பேத்தி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "பாட்டி, எவ்வளவு அழகு பாருங்க!" என்று கூவினாள்.

மூதாட்டி பார்த்தார். பார்த்துவிட்டு, "இலை சிவந்தா எங்களுக்கெல்லாம் பயம் வந்துடும் கண்ணு. இலை விழுந்தா பால் கொறஞ்சிடும். பால் கொறஞ்சா சம்பளமும் கொறஞ்சிடும்" என்றார்.

ஊர்தியை ஓட்டிக்கொண்டிருந்த மகன் திரும்பாமலே, "அம்மா, பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கும்மா? புள்ளைங்க சந்தோஷமா வந்திருக்காங்க" என்றார். மூதாட்டி வாயை மூடிக்கொண்டார். தாப்பாவைக் கடந்து மலைப்பாதை வளையத் தொடங்கும் வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை.

இருவரில் யார் கூறியது நேர்? அழகிய காட்சியைக் காணும் குழந்தைக்கு அக்காட்சியின் அடியிற் கிடக்கும் துன்பத்தை உரைப்பது அறமா? அன்றி, அதனை மறைத்து இன்பத்தை மட்டும் ஊட்டுவதே அறமா? இதுவே நம் வினா.

முதற்கண் மகனின் பக்கத்தைப் பார்ப்போம். அவரைக் கல்நெஞ்சர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அவர் தோட்டத்து லயத்திலே பிறந்தவர். விடியுமுன் பிரட்டுக் களத்திற்குச் சென்ற தாய் திரும்பும்வரை ஆயாக் கொட்டகையிற் கிடந்தவர். தாம் பட்டது தம் மக்களைத் தொடரக்கூடாதென்பதே அவர் உழைப்பின் பொருள். "எம் பிள்ளைகள் இரப்பர் மரத்தை வெறும் மரமாகப் பார்க்கட்டும், அதற்காகத்தானே நாம் பாடுபட்டோம்" என்று அவர் உள்ளம் கூறுகின்றது. இது நியாயமான ஆசை. சிறுமையின் நினைவையே முதுசொமாகக் கொடுக்கும் சமூகம், தன் மக்களை நிமிர்ந்து நடக்கவிடாது. எதைக் கண்டாலும் அழுகை, எவரைக் கண்டாலும் குறை என்று வளரும் பிள்ளை வாழ்வை நேசிக்கக் கற்பதில்லை. குழந்தையின் மகிழ்ச்சி அதன் உரிமை. அவ்வுரிமையைப் பெரியோர் தம் நினைவுகளால் நசுக்குதல் கூடாது.

இவ்வளவும் உண்மை. எனினும் மறுபக்கமும் உண்டு.

இந்நாட்டில் நாம் கண்டு வியக்கும் காட்சிகள் பலவும் இயற்கை தானே அளித்தவையல்ல. மனிதர் கையால் ஆனவை. இரப்பர் மரம் இம்மண்ணின் மரமன்று. 1877ஆம் ஆண்டிலே 22 கன்றுகள் இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தன. 1888 முதல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கெடுக்காமற் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். அதன்பின் காடு அழிந்தது. நிரை நிரையாக மரம் எழுந்தது. அந்நிரைகளில் நின்றோர் யார்? கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட தமிழ் மக்கள் பெருந்தொகையினர். 1938இல் இந்திய அரசாங்கம் அவ்வாறு ஆளனுப்புவதைத் தடுக்கும்வரை கப்பல்கள் வந்தவண்ணமே இருந்தன.

கேமரன் மலையும் அத்தகையதே. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் அவ்வுயர்நிலத்தைக் கண்டு குறித்தமையால் அவர் பெயர் அதற்கு நிலைத்தது. 1929இல் அங்கே தேயிலைத் தோட்டம் எழலாயிற்று. இன்று பச்சைக் கம்பளம் விரித்தாற்போற் காட்சிதரும் அச்சரிவு, குனிந்து நட்டு, களைபிடுங்கி, கவாத்துச் செய்து, கொழுந்து கிள்ளிய கைகள் நெய்த கம்பளமாகும். அக்கைகளை நீக்கிவிட்டுக் கம்பளத்தை மட்டும் புகழ்வது அரைப் பார்வை. அரைப் பார்வையை முழுப் பார்வையென்று குழந்தைக்குக் கற்பித்தல், பொய்யன்றாயினும் பொய்க்கு அயல்வீட்டிலே குடியிருப்பது.

இவ்விடத்தில் நம் பழந்தமிழ்ப் புலவோர் நிலத்தை நோக்கிய முறையை எண்ணிப்பார்த்தல் தகும். அவர்கள் மலையை வெறும் மலையாகவும், கடலை வெறுங் கடலாகவும் பாடினாரல்லர். முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தனர். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து மரம், விலங்கு, உணவு, பறை, மக்கள் செய்யும் தொழில் யாவும் கரு. மாந்தர் நெஞ்சத்து நிகழ்ச்சி உரி. இம்மூன்றனுள் உரிப்பொருளே சிறந்ததெனக் கொண்டனர். ஆளில்லாத அழகு அவர்கட்கு நிறைந்த அழகன்று. மேலும், தாம் சென்றுவந்த வழியைப் பிறர்க்குக் காட்டி, "இவ்வழியே செல்க, இவ்விடத்திலே இன்னது உளது" என்றுரைக்கும் ஆற்றுப்படையென்னும் நூல்வகையையும் அவர்கள் கண்டனர். பேரப்பிள்ளையின் கையைப் பற்றி வழிகாட்டிச் செல்லும் பாட்டி, எழுத்தறியாதவராயினும், ஓர் ஆற்றுப்படையே கூறுகின்றார். அவரை வாய்மூடச் செய்தால் பிள்ளைக்கு எஞ்சுவது வழி மட்டுமே. வழியின் பொருள் எஞ்சாது.

ஆயின், பாட்டியின் நினைவு ஒன்றே முழு உண்மையாகிவிடுமா? ஆகாது. தேயிலை வருவதற்கு நெடுங்காலத்திற்கு முன்னரே அம்மலைக் காடுகளில் செமாய் மக்கள் போன்ற பூர்வகுடிகள் வாழ்ந்தனர்; இன்றும் வாழ்கின்றனர். மலைப்பாதை நெடுகிலும் அவர்கள் சிற்றூர்கள் உள. "இது நாங்கள் உண்டாக்கிய நாடு" என்று நாம் மார்தட்டும்போது, அவர்கள் இழந்த காட்டை நாம் மறக்கின்றோம். மேலும், நேற்று நம்மவர் நின்ற நிரைகளில் இன்று வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் நிற்கின்றனர். அவர்களை நம்மவருட் சிலர் எவ்வாறு நோக்குகின்றனர்? எந்த இழிசொற்களால் ஒருகாலத்தில் நம் பாட்டன்மாரை மற்றோர் இகழ்ந்தனரோ, அதே சொற்களால் இவர்களை நாம் இகழ்வதில்லையா? தன் குலத்தின் துன்பத்தை நினைந்து பெருமைகொள்ளும் ஒருவன், கண்முன் நிற்கும் பிறன் துன்பத்தைக் காணானாயின், அந்நினைவால் விளைந்த நன்மை யாது? ஆகவே பழங்கதை கூறுவது மட்டும் போதாது. அக்கதை கேட்ட பிள்ளை, கொழுந்துக் கூடை சுமந்து எதிரே வரும் அயல்நாட்டானுக்கு வழிவிட்டு ஒதுங்கக் கற்கவேண்டும். கதையின் பயனை அளக்கும் கோல் அதுவே.

அடுத்து, எதனை எப்பொழுது கூறுவது என்னும் அளவு. நாம் கூறிய மூதாட்டியே இதற்கும் சான்று. அவருடைய பெரியப்பா, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர், திரும்பவேயில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்திற்குக் காடும் மலையும் குடைந்து இடப்பட்ட அப்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் அடியாலும் மாண்டனர். இன்று அப்பாதையின் ஒரு பகுதி தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உல்லாசப் பயணிகள் திரளும் இடமாயிருக்கின்றது. ஆறு அழகு, பாலம் அழகு, சூழ்ந்த மலையும் அழகு. சில ஆண்டுகட்கு முன் அம்மூதாட்டி மூத்த பேரனுடன் அங்குச் சென்றார். அதுவரை அவனிடம் அக்கதையை அவர் கூறியதில்லை. அவனுக்குப் பதினைந்து வயது நிரம்பியபின்னரே, அப்பாலத்தருகிலே வைத்துக் கூறினார். போர்க்கைதிகளாயிருந்து இறந்த நேசநாட்டுப் போர்வீரர்களின் கல்லறைகள், பெயர் பொறித்த கற்களோடு, அவ்வூரில் வரிசையாக உள்ளன. அவற்றைச் சுற்றிப்பார்த்த பேரன், "பெரிய தாத்தா பேரு எங்க பாட்டி?" என்று கேட்டான். "அவங்களுக்கு யாருடா கல்லு வச்சா? நீதான் ஞாபகம் வச்சுக்கணும்" என்றார் அவர். பெயர்க்கல் இல்லாது போன மக்களுக்குப் பேரன்மாரின் நெஞ்சே கல்லாகவேண்டியிருக்கின்றது. ஆனால் அதனை ஆறு வயதுக் குழந்தையின் நெஞ்சில் ஏற்றினால் அது நசுங்கும் என்பதையும் அம்மூதாட்டி அறிந்திருந்தார். சொல்வதும் கடமை, காத்திருந்து சொல்வதும் கடமை.

இனி, இதுகாறும் நாம் பேசாத ஒன்று எஞ்சியுள்ளது. குழந்தையின் உரிமையைப் பேசினோம். மாண்டோர்க்குரிய கடனைப் பேசினோம். பாட்டிக்கென ஓர் இன்பம் உண்டென்பதை நினைத்தோமா? நம் குடும்பங்களிலே முதிய பெண்கள் காசிக்கும் இராமேசுவரத்திற்கும் போவதென்றால் எவரும் குறைகூறார். வெறுமனே மலை பார்க்க, கடல் பார்க்கப் போகின்றேன் என்றால், "இந்த வயசுல என்ன ஆசை?" என்னும் ஏளனம் எழும், கைம்பெண்ணாயின் சொல்லவே வேண்டா. அழைத்துச் செல்வோரும் பல சமயங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவே அழைத்துச் செல்கின்றனர். மற்றோர் காட்சிமேடையில் நின்று படம் பிடித்துக்கொண்டிருக்க, பாட்டி பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாகப் பலகையில் அமர்ந்திருப்பதை நாம் எத்தனை முறை கண்டிருக்கின்றோம்! இது அன்பா, கூலியில்லா வேலையா? வாசகர்களே தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அன்று மலைப்பாதையில் லாத்தா இஸ்கந்தர் அருவியருகே ஊர்தி நின்றது. நாம் பைகளைப் பார்த்துக்கொள்வதாகக் கூறி, மூதாட்டியை நீரருகே அனுப்பினோம். சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துப் பாறையிலமர்ந்து காலை நீரிலிட்டார். பேத்தி அருகில் வந்து அமர்ந்தாள். வழியிற் கேட்டதை அவள் மறந்தாளில்லை.

"பாட்டி, அப்ப அந்தச் செவப்பு எலை உங்களுக்குப் பிடிக்காதா?"

"பிடிக்காம என்ன? அப்பவும் இப்படித்தான் அழகா இருந்திச்சு. நின்னு பாக்கத்தான் நேரமில்ல."

மகனும் அதைக் கேட்டார். ஒன்றும் கூறாமல் தாயின் மறுபக்கத்தில் வந்தமர்ந்து தாமும் காலை நீரிலிட்டார்.

அவ்வொரு மறுமொழியில் நம் வினாவிற்கு விடை கிடைத்ததென்றே கருதுகின்றோம். அழகு ஒருபக்கம், துன்பம் மறுபக்கம் என்று நாம் பிரித்துக்கொண்டு வழக்காடினோம். அம்மூதாட்டியின் வாழ்வில் அவை பிரிந்திருக்கவில்லை. சிவந்த இலை அன்றும் சிவப்பாகவே இருந்தது. இல்லாதிருந்தது ஓய்வு, எண்ணிக்கை குறையாமல் மரம் வெட்டி முடிக்கவேண்டிய அச்சமின்றி ஒரு நாழிகை தலைநிமிர்ந்து நிற்கும் உரிமை. தம் தலைமுறைக்குக் கிடையாத அந்நாழிகையைத் தம் பேத்திக்குக் கொடுக்கவே அவர் பாடுபட்டார். அப்பேத்தி மகிழ்தல் முறையே. தான் மகிழும் நாழிகை எங்கிருந்து வந்ததென அறிதலும் முறையே. அறிந்தால் மகிழ்ச்சி குறையுமென மகன் அஞ்சினார். குறையவில்லை. ஊர் திரும்பும்போது அதே தோட்டத்தருகே ஊர்தியை நிறுத்தச்சொல்லி, அச்சிறுமி இறங்கிச் சிவந்த இலைகளைக் கைநிறையப் பொறுக்கிவந்து பாட்டியின் மடியிலிட்டாள்.

ஆதலின் நேயர்களே, வரும் விடுமுறையில் எங்கேனும் செல்வீராயின், பாட்டியைச் சன்னலோரத்தில் அமரச்செய்யுங்கள். அவர் பேசினால் தடுக்காதீர்; பேசாதிருந்தால் வற்புறுத்தாதீர். பைகளை வேறொருவர் காக்கட்டும். வழியிலே நிரையில் நின்று உழைப்போன் எவனாயினும், எந்நாட்டானாயினும், அவனும் ஒருநாள் தன் பேரப்பிள்ளைகளோடு நின்று மலை பார்க்க நேரம் பெறவேண்டுமென உங்கள் பிள்ளைகள் எண்ணுமாறு பழக்குங்கள்.